ஒரு கண் போதும்

தாய் இறாலின் ஒரு கண்ணை நசுக்கி எடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி. ஊரில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள், மீதிப் பேர் பாவம் என்பார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், வாயலூர் தாண்டி இடைக்கழிநாடு வழியாக மரக்காணம் வரைக்கும் போனால், கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடலோரப் பக்கத்தில் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே நீளமான கொட்டகைகள் தென்படும். அவைதான் இறால் பொரிப்பகங்கள். நாங்கள் ஹேட்சரி என்போம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திரிந்த என்னைப் போன்றவர்களை இந்தக் கொட்டகைகள்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தன.

இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தண்ணீர். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால் கடல்நீரில் நன்னீர் அதிகம் கலப்பதில்லை. ஆயிரத்துக்கு 30 முதல் 34 பங்கு உப்பு, சுத்தமான மணல் அடி. குஞ்சுக்கு இதைவிட என்ன வேண்டும்? சிக்கல் தாயிடம்தான். அப்போதெல்லாம் டைகர் இறால் மட்டுமே. விசைப்படகுக்காரர்கள் ராத்திரி வலையில் விழுந்த பெரிய பெண் இறால்களைத் தண்ணீர்ப் பையில் ஆக்சிஜன் அடித்துக் கொண்டுவந்து தருவார்கள். நல்ல தாய் ஒன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போன காலமும் உண்டு. அத்தனை விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் விட்டால் அது சாப்பிடும், நீந்தும், தோல் உரிக்கும். முட்டை மட்டும் வைக்காது. சூலகம் நூலாகக் கிடக்கும். வாரக்கணக்கில் காத்திருந்தாலும் அப்படியேதான்.

உணவு குறைவா, வெளிச்சம் அதிகமா என்று யோசிக்கத் தோன்றும். இரண்டும் ஓரளவு உண்மை. ஆனால் அந்த உடம்பில் முட்டை வைக்கும் திறன் குறையவில்லை. யாரோ அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த 'யாரோ' குடியிருப்பது கண்ணில்.

இறாலின் கண் தலையோடு ஒட்டியிருக்காது. ஒரு சின்னத் தண்டின் நுனியில் இருக்கும். அந்தத் தண்டுக்குள் நரம்புச் செல்கள் கூட்டமாக இருக்கின்றன. அவை சுரப்பதைத் தேக்கி வைத்து ரத்தத்தில் விடுவதற்குப் பக்கத்திலேயே ஒரு சுரப்பியும் உண்டு. அங்கிருந்து வரும் ஹார்மோன்களில் ஒன்று சூலகத்தைப் பார்த்து ஓயாமல் ஒரே சேதி சொல்லிக்கொண்டிருக்கிறது: பொறு. கடலில் ஆழம், வெப்பம், நிலவு, தீனி எல்லாம் கூடிவரும்போது அந்தச் சேதி தானாகத் தணியும், முட்டை முற்றும். சிமெண்டுத் தொட்டியில் அந்த அறிகுறிகள் வருவதில்லை, சேதியும் தணிவதில்லை. 1943இல் பானூஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு இறால் வகையின் கண்தண்டை எடுத்துவிட்டுப் பார்த்தார். பருவமில்லாத காலத்தில் சூலகம் வளர்ந்தது. உலகத்தில் இன்றைக்கு இறால் குஞ்சு உற்பத்தி என்று ஒரு தொழில் இருப்பதற்கு அந்தப் பரிசோதனையும் ஒரு காரணம்.

மதுராந்தகம் ஏரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான், அதனால் எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டது. மதகில் நின்று தண்ணீரைத் தள்ளுகிறவன் எவனும் இல்லை. தண்ணீர் போவதற்குத் தயாராகத்தான் நிற்கிறது. ஷட்டரை எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு போகும். பள்ளிக்கூடப் புத்தகம் ஹார்மோன்களை ஏவலாள்களாகத்தான் எழுதியிருந்தது: இது வளரச் சொல்லும், அது சுரக்கச் சொல்லும், இன்னொன்று ஓடச் சொல்லும். ஹேட்சரிக்கு வந்த பிறகுதான், உடம்பின் ஆட்சியில் பாதி 'செய்' என்று சொல்வதில் இல்லை, 'பொறு' என்று சொல்வதில் இருக்கிறது என்று தெரிந்தது.

கண் எடுப்பதில் கை வேகம் முக்கியம். இரண்டு பேர் சேர்ந்து செய்வோம். ஒருவர் இறாலைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொள்வார். மற்றவர் சூடேற்றிய இடுக்கியால் கண்தண்டை அழுத்திக் கருக்குவார். சில இடங்களில் நூலால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள், இரண்டொரு நாளில் தானாக விழுந்துவிடும். சில நொடி வேலைதான். அதைவிடக் கஷ்டம், எந்த நாளில் எடுப்பது என்பது. தோல் உரித்த புதிதில் எடுத்தால் உடம்பு மெத்தென்றிருக்கும், ரத்தம் நிற்காது, செத்துப்போகும். உரிக்கப்போகிற சமயத்தில் எடுத்தால் வேறு ஒரு நஷ்டம். தோல் உரிப்பைத் தடுத்து வைக்கும் ஹார்மோனும் அதே கண்தண்டில்தான் இருக்கிறது. அந்தத் தடையும் சேர்ந்து போவதால் இறால் அவசரமாகத் தோலை உரித்துவிடும். டைகர் இறாலில் ஆணிடம் வாங்கிய விந்துப் பொதி பெண்ணின் தோலோடு சேர்ந்த பையில்தான் இருக்கும். தோல் போனால் அதுவும் போகும். அப்புறம் இடுவதெல்லாம் பொரிக்காத முட்டை. ஆகவே இரண்டு உரிப்புக்கும் இடைப்பட்ட, ஓடு கெட்டியாக இருக்கும் நாளைப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து இரண்டு உத்தரவு வருகிறபோது, ஒன்றை மட்டும் நிறுத்த முடியாது. இந்தப் பாடம் பின்னால் மனிதர்கள் விஷயத்திலும் திரும்பத் திரும்ப வந்தது.

எனக்கு வேலை கற்றுத்தந்தவர் ஆந்திரத்தில் தொழில் பழகி வந்த மூத்த டெக்னீஷியன். புதிதாகச் சேருகிற பையன்கள் எல்லாருமே ஒரு தடவையாவது அவரிடம் கேட்பார்கள்: "அண்ணே, ஒரு கண்ண எடுத்தா முட்டை வருதுன்னா, ரெண்டையும் எடுத்தா இன்னும் சீக்கிரம் வருமில்ல?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "ஒரு கண் போதும்" என்பார். அவ்வளவுதான்.

இரண்டையும் எடுத்தால் என்ன ஆகும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். சூலகம் வளரத்தான் செய்யும். ஆனால் இறாலுக்குப் பார்வை போய்விடும், நிலை தடுமாறும், தோல் உரிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வரும், கொஞ்ச நாளில் இறந்துவிடும். ஒரு கண் மிச்சமிருந்தால் அதன் சுரப்பி தன் பங்கைச் சுரந்துகொண்டிருக்கும். தடை அறவே போகாது, பாதியாகும். முட்டைக்கு அந்தப் பாதித் தளர்வு போதும். உயிருக்கு மீதிப் பாதி வேண்டும்.

கண் எடுத்து ஒரு வாரத்துக்குள் பலன் தெரியும். ராத்திரி தண்ணீருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் முதுகு ஓட்டின் வழியாகச் சூலகம் கரும்பச்சையாகத் தெரியும். வயிற்றின் முதல் கணுவில் அது இருபுறமும் விரிந்து சாய்சதுரமாக நின்றால் அன்றைக்கே முட்டை. பிடித்துத் தனித் தொட்டியில் விடுவோம். விடியற்காலையில் தண்ணீரில் லட்சக்கணக்கில் முட்டை கிடக்கும். 12 முதல் 18 மணி நேரத்தில் நாப்ளி என்னும் முதல் பருவக் குஞ்சு. அதற்குப் பிறகு சோயியா, மைசிஸ், பி.எல். என்று அடுத்த பருவங்கள். அந்தக் கதை பெரியது, அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

தாய்க்கு நாங்கள் போட்ட தீனியைப் பார்த்தால் பொறாமை வரும். கடம்பா, மட்டிச் சதை, ஈரல், கழிமுகச் சேற்றில் தோண்டி எடுத்த பாலிகீட் புழு. தடையை எடுத்துவிட்டால் உடம்பு தன் கையிருப்பை எல்லாம் முட்டையில் கொட்டிக்கொண்டே போகும், நிறுத்தத் தெரியாது. நாங்கள் தீனி போட்டு ஈடுகட்டிக்கொண்டே இருப்போம். அப்படியும் மூன்றாம் நான்காம் முட்டையீட்டுக்குப் பிறகு பொரிப்பு குறையும், குஞ்சு நலிவாக வரும். ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும் ஹார்மோனும் கண்தண்டில்தான் இருக்கிறது என்பதைச் சொன்னால், அந்தச் சில நொடி வேலையில் எத்தனை கணக்கை ஒன்றாகக் கலைக்கிறோம் என்பது புரியும். சூலகம், தோல், சர்க்கரை மூன்றையும் ஆளும் அந்த ஹார்மோன்கள் வேதிக் கட்டமைப்பில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. பண்ணைகள் காலியாயின. 1996 டிசம்பரில், சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் வந்தது. பண்ணை இல்லாமல் குஞ்சு யாருக்கு? நான் கரையை விட்டுவிட்டு உள்நாட்டில் ஒரு கெண்டைப் பொரிப்பகத்துக்குப் போனேன். சம்பளம் பாதி, படிப்பு இரட்டிப்பு.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். குளத்தில் கொழுகொழுவென்று வளரும், வயிறு நிறைய முட்டையும் பிடிக்கும், ஆனால் இடாது. இறாலில் முட்டை முற்றவே முற்றாது. இங்கே முற்றிய பிறகு வெளியே வராது. மழைக்காலத்து ஆற்று வெள்ளத்தின் அறிகுறி மூளைக்கு எட்டினால்தான் அடுத்த கட்டம். ஹிராலால் சவுத்ரி 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் இந்த முடிச்சை அவிழ்த்தார். வேறு மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, கரைத்து, ஊசியாகப் போட்டார். மீன் முட்டையிட்டது. அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். நான் சேர்ந்தபோதும் அங்கே பழைய முறை நடந்துகொண்டிருந்தது. மீன் அங்காடியிலிருந்து தலைகளை வாங்கிவந்து, மண்டை ஓட்டைச் சீவி, மூளையைத் தூக்கினால் அடியில் சுரப்பி தெரியும். ஒன்று சில மில்லிகிராம்தான். சாராயத்தில் போட்டுப் பழுப்புப் புட்டியில் வைப்போம். சாயங்காலம் பெண் மீனுக்கு முதல் ஊசி, 6 மணி நேரம் கழித்து இரண்டாவது, அப்போதே ஆணுக்கும் ஒன்று. விடிவதற்குள் தொட்டி முழுக்க முட்டை.

நம் தலையிலும் அதே இடத்தில் அதே சுரப்பி இருக்கிறது. மூக்குக்குப் பின்னால், மண்டையின் அடித்தளத்தில் ஒரு எலும்புக் குழிக்குள், ஏறக்குறைய அரை கிராம். மேலே ஹைபோதலாமஸ் என்ற மூளைப் பகுதியோடு அதையும் ஒரு தண்டுதான் இணைக்கிறது. தைராய்டு, அட்ரினல், சூலகம், விந்தகம் எல்லாம் அதன் பேச்சைக் கேட்பவை.

பிறகு ஓவாப்ரிம் வந்தது. மீன் தலை வெட்டுகிற வேலை போயிற்று. புட்டியில் இருப்பது இரண்டு சரக்கு. ஒன்று, பிட்யூட்டரியைத் தூண்டும் ஹார்மோனின் செயற்கை வடிவம். இன்னொன்று டாம்பெரிடோன். லேபிளைப் படித்தபோது சிரிப்பு வந்தது. வாந்திக்குக் கடையில் வாங்கி நாமே போட்டுக்கொள்கிற மாத்திரை! மீனுக்கு வாந்தியா? காரணம் வேறு. கெண்டையின் மூளை டோபமைன் என்ற பொருளால் பிட்யூட்டரியை அடக்கி வைத்திருக்கிறது. தூண்டுகிற மருந்தை மட்டும் கொடுத்தால் அந்த அடக்குமுறை அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். டாம்பெரிடோன் டோபமைனின் வாயை அடைக்கிறது. அதன் பிறகு தூண்டல் வேலை செய்கிறது. தூண்டு, தடையையும் எடு. இரண்டும் வேண்டும்.

இதே டோபமைன்தான் மனிதப் பெண்ணின் பிட்யூட்டரியில் புரோலாக்டினை, அதாவது பால் சுரக்க வைக்கும் ஹார்மோனை, அடக்கி வைத்திருக்கிறது. வாந்திக்கு டாம்பெரிடோனைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்குக் குழந்தை இல்லாமலே மார்பில் பால் கசிவது அதனால்தான். விபத்திலோ கட்டியாலோ மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் நடுவில் உள்ள தண்டு சேதமானால், மேலிருந்து தூண்டல் வராமல் மற்ற ஹார்மோன்கள் எல்லாம் குறையும், புரோலாக்டின் மட்டும் ஏறும். அதற்குத் தூண்டுகோலைவிடத் தடைதான் எசமான். இதைப் படித்த அன்றைக்கு இறாலின் கண்தண்டு நினைவுக்கு வராமல் இருக்குமா?

புரோலாக்டின் மீனிலும் இருக்கிறது. பால் கொடுக்காத மீனுக்கு அது எதற்கு? முட்டுக்காட்டில் பதில் கிடைக்கும். அங்கே கழிமுகம் மணல் திட்டால் மூடிக்கொள்ளும், மழைக்காலத்தில் திறந்துகொள்ளும். உப்பு ஏறும், இறங்கும். கடலிலிருந்து நன்னீருக்குள் வருகிற மீனின் உடம்பில் உப்பு கரைந்து வெளியே போய்விடாமல் பிடித்து வைப்பது புரோலாக்டின். 1959இல் கிரேஸ் பிக்ஃபோர்ட் இதைக் கண்டுசொன்னார். ஒரே பொருளை மீன் உப்புக்கும், பசுவும் மனுஷியும் பாலுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயிர்கள் புதுச் சரக்கு செய்வதில் சோம்பேறிகள். இருப்பதையே வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன.

முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. சீபா என்றால்தான் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். 1997இல் கொடுவா மீனை அவர்கள் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். பின்னால் பயிற்சிக்குப் போனபோது பார்த்தேன். மெல்லிய குழாயை மீனின் பிறப்புவாய்க்குள் விட்டு முட்டையை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் அளக்கிறார்கள். அரை மில்லிமீட்டரை நெருங்கியிருந்தால் ஊசி. கிலோவுக்கு 60, 70 மைக்ரோகிராம்தான், கண்ணுக்கே தெரியாத அளவு. காலையில் போட்டால் மறுநாள் இரவுக்குள் மீன் தானே இடுகிறது. அந்த ஊசியில் இருப்பது, பாலூட்டிகளின் மூளையில் சுரக்கிற ஒரு ஹார்மோனின் சற்றே மாற்றிய வடிவம். பன்றி, ஆடு இவற்றின் மூளைகளை லட்சக்கணக்கில் அரைத்து அதைப் பிரித்தெடுத்த ஷாலியும் கில்மானும் 1977இல் நோபல் பரிசு வாங்கினார்கள். பத்தே பத்து அமினோ அமிலம். குழந்தைப்பேறு சிகிச்சை நிலையங்களில் பெண்களுக்குப் போடுவதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அதில் ஒரு விசித்திரம் உண்டு. எர்ன்ஸ்ட் நோபில் என்பவர் குரங்குகளில் செய்து காட்டியது: அந்த ஹார்மோனை மணிக்கு ஒரு முறை துடிப்பாகக் கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்கிறது, நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் பிட்யூட்டரி காதை மூடிக்கொள்கிறது. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனை நிறுத்த வேண்டியபோது மருத்துவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தூண்டுகிற மருந்தையே தொடர்ந்து கொடுத்து அடக்குகிறார்கள். உத்தரவு என்ன என்பது மட்டும் உடம்புக்குப் போதாது, எத்தனை இடைவெளியில் வருகிறது என்பதும் வேண்டும். கொடுவாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பயிற்சிக்கு வந்த எல்லாரும் வாய்பிளந்த விஷயம் அது. கொடுவா முதலில் ஆணாகத்தான் முதிர்கிறது. சில வருஷம் தகப்பனாக இருந்துவிட்டு, எடை கூடிய பிறகு பெண்ணாகிறது. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதி, அரோமடேஸ், அப்போது வேலைக்கு வருகிறது. மனித ஆண் உடம்பிலும் அந்த நொதி இருக்கிறது, கொழுப்பில் அதிகம்.

இத்தனையும் மீன் சமாச்சாரமாகவே இருந்திருக்கும், அக்காவுக்கு உடம்புக்கு முடியாமல் போகாவிட்டால். எப்போதும் அசதி, சித்திரை வெயிலில் குளிர்கிறது என்றாள், முடி கொத்தாக வந்தது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். டி.எஸ்.எச். இருபதைத் தாண்டியிருந்தது, 4 வரைக்கும் இருக்கலாம் என்று சீட்டிலேயே போட்டிருந்தது. டாக்டரம்மா தைராய்டு கம்மி என்றார். அக்கா வெளியே வந்ததும் என்னிடம் சண்டைக்கு நின்றாள். "இருபதுன்னு போட்டிருக்கான், கம்மிங்கறாங்க. எத நம்புறது?"

நான் ஹேட்சரிக் கணக்கில்தான் சொன்னேன். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பது ரத்தத்தில் போய் மூளையையும் பிட்யூட்டரியையும் தொட்டு 'போதும்' என்கிறது. அந்தப் 'போதும்' கேட்டுக்கொண்டிருக்கும் வரை பிட்யூட்டரி, தைராய்டை ஏவும் டி.எஸ்.எச்.சைக் கொஞ்சமாகத்தான் விடும். தைராய்டு சோர்ந்துவிட்டால் 'போதும்' என்று சொல்ல ஆள் இல்லை. பிட்யூட்டரி இன்னும் இன்னும் என்று கத்துகிறது. சீட்டில் இருக்கிற இருபது அந்தக் கத்தல். மாத்திரையில் தைராய்டு ஹார்மோன் போனால் கத்தல் அடங்கும், எண் இறங்கும். அவளுக்குப் புரிந்தது. "அப்ப மாதவிலக்கு நின்னவங்களுக்கும் இதே கதைதானா?" என்றாள். அதேதான். சூலகம் ஓய்ந்த பிறகு, அதை ஏவுகிற பிட்யூட்டரி ஹார்மோன் ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். விலங்கியல் படிக்காதவள் ஒரே எட்டில் அங்கே போய் நின்றாள்.

மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட்டு 6 வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். பத்தாம் நாளே பரிசோதனைக்கூடத்துக்குப் போகக் கிளம்பியவளை நான்தான் நிறுத்தினேன். அந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். புது அளவு நிலைகொண்டு, பிட்யூட்டரி அதைக் கேட்டு, தன் குரலைத் தணிக்க வாரங்கள் வேண்டும். இன்சுலினுக்கு அந்தப் பாதிக் கணக்கு சில நிமிஷம்தான். உடம்பில் எல்லாக் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

இன்சுலின் என்றதும், எங்கள் கொட்டகையில் பாதிப் பேருக்கு இருக்கிற சந்தேகம் வருகிறது. "ராத்திரி ரெண்டு சப்பாத்திதான். விடிய வரைக்கும் பச்சத்தண்ணி இல்ல. காலையில 180 காட்டுது. எங்கிருந்துய்யா வந்துது?" கல்லீரலிலிருந்து. பெரியவர் ஒருவரின் மொத்த ரத்தத்திலும் எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்க்கரை சுமார் 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி. மூளை அதை நிறுத்தாமல் செலவழிக்கிறது. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடக்கும்போது கல்லீரல்தான் சர்க்கரையை விட்டு ஈடுகட்டுகிறது. அளவுக்கு மேல் விடாதே என்று அதைப் பிடித்து வைப்பது இன்சுலின். சாப்பிட்ட சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்புவது அதன் ஒரு வேலை; எல்லாருக்கும் தெரிந்த வேலை. கல்லீரலைப் பொறு என்பது மற்றது. அந்தச் சொல்லைக் கல்லீரல் கேட்காமல் போகும்போது, சாப்பிடாத மனிதனின் ரத்தத்திலும் சர்க்கரை ஏறுகிறது. விடியற்காலையில் அட்ரினல் சுரக்கும் கார்டிசால் வேறு உச்சத்துக்கு வரும், அதுவும் சர்க்கரையை ஏற்றுகிற கட்சி.

ஏற்றுகிற கட்சியில் ஆள் அதிகம்: குளுக்ககான், அட்ரினலின், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன். இறக்குவதற்கு இன்சுலின் ஒன்றுதான். பட்டினியே வாழ்க்கையாக இருந்த நீண்ட காலத்துக்கு அது சரியான ஏற்பாடு. பிரியாணிக் கடைக்கு முந்தைய ஏற்பாடு. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசே 1930 வாக்கில் மீனுக்குப் பிட்யூட்டரி ஊசி போட்டுப் பார்த்த முன்னோடி. அதே ஊசே, கணையம் எடுத்த நாய்க்குப் பிட்யூட்டரியையும் எடுத்துவிட்டால் நீரிழிவின் கடுமை தணிகிறது என்று காட்டினார். 1947 நோபல் பரிசு சர்க்கரைக்காகத்தான், மீனுக்காக இல்லை. எங்கள் தொழிலுக்கு அவர் சொந்தக்காரர் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

கடற்கரையில் இதைவிட அவசரமான விஷயம் வேறு. கூடை தூக்கிக் கூடை தூக்கி மூட்டு தேய்ந்த மீன்காரம்மாக்கள் நிறைய. பெயரில்லாத பொட்டலத்தில் ஒரு வலி மாத்திரை அவர்கள் கைக்கு வந்துவிடும். இரண்டே நாளில் வலி பறந்துபோகும், பசி எடுக்கும், முகம் உப்பும். பெரும்பாலும் அதில் இருப்பது ஸ்டீராய்டு. கார்டிசாலின் செயற்கை உறவு. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா மாசக்கணக்கில் சாப்பிட்டார். சுகர் ஏறியதும் யாரோ மிரட்ட, ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டார். சில நாளில் வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், ரத்த அழுத்தம் தரையில். ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக அந்த ஹார்மோனையே கொடுத்துத்தான் எழுப்பினார்கள்.

நிறுத்தியது நல்லதுதானே, அதில் என்ன ஆபத்து என்று அவருடைய மகள் கேட்டாள். வெளியிலிருந்து கார்டிசால் மாதிரி ஒன்று ரத்தத்தில் நிறைந்திருந்தவரை மூளைக்குப் 'போதும், போதும்' என்றே கேட்டுக்கொண்டிருந்தது. பிட்யூட்டரி அட்ரினலை ஏவுவதை விட்டுவிட்டது. ஏவுவாரில்லாமல் அட்ரினல் சுருங்கிப் படுத்துவிட்டது. மாத்திரை நின்ற அன்றைக்கு அதனால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. காய்ச்சலோ அடியோ வந்தால் ஆரோக்கியமான அட்ரினல் உடனே பல மடங்கு சுரக்கும். இங்கே அது இல்லை. அதனால்தான் மருத்துவர்கள் வாரத்துக்கு இவ்வளவு என்று படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். சில பேருக்கு மாதங்கள் ஆகிறது. எங்கள் தெருவில் பொட்டல மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் நான் சாப்பிடாதே என்று மட்டும் சொல்வதில்லை. டாக்டரிடம் காட்டாமல் திடீரென்று நிறுத்தாதே என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் எனக்குப் பயம்.

நான் மறுபடி கரைக்கே வந்துவிட்டேன். இப்போது கடலோரத்தில் வனாமி இறால்தான் ராஜா. 2009 முதல் வெளிநாட்டுத் தாய்கள் விமானத்தில் சென்னைக்கு வருகின்றன. நீலாங்கரையில் நோய்க்காப்பு நிலையத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எங்களுக்குத் தருகிறார்கள். கண் எடுப்பது தொடர்ந்தது, இடுக்கி மட்டும் நல்லதாக வந்தது. சில வருஷமாகக் காற்று மாறுகிறது. மேல்நாட்டில் வாங்குகிற சிலர் கண் எடுக்காத தாயின் குஞ்சுதான் வேண்டும் என்கிறார்கள். வெளிச்சத்தை மங்கலாக்கி, வெப்பத்தை நிலையாக வைத்து, தீனியைக் கூட்டி, பல தலைமுறை தொட்டியிலேயே பழகிய தாயை எடுத்துக்கொண்டால் கண்ணைத் தொடாமலே முட்டை வருகிறது. தடையை நாம் பிய்த்து எடுக்காமல், அதுவாகத் தணியும் சூழ்நிலையைத் தருகிறோம். அடிக்கடி இடாது, ஒவ்வொரு தடவையும் இடுகிறவை குறைவு. ஆனால் தாய் நீடிக்கிறது, குஞ்சு நோயைத் தாங்குகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

எங்கள் கொட்டகையிலும் இரண்டு தொட்டியில் கண் எடுக்காத தாய்களை விட்டுப் பார்க்கிறோம். அதே அளவு நாப்ளி வேண்டுமென்றால் தாய் எண்ணிக்கையை ஒன்றரை மடங்காவது கூட்ட வேண்டியிருக்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். டாலர் விலை, விமானக் கட்டணம், கடம்பா விலை எல்லாவற்றையும் போட்டு இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.